போடி ரயிலுக்குப் பத்தடிச் சுவர் போதுமா?

அன்புள்ள சார்,

நான் தேனிக்காரன். வேலைக்காகப் பெங்களூரு வந்து இங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். ஜெர்மனியில் இருக்கும் மகன் போன முறை வந்தபோது ஒரு மாடல் ரயில் செட் வாங்கி வந்தான். வட்டமாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன், சீக்கிரமே அலுத்துவிட்டது. நம்ம ஊர் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) வண்டியையே செய்தால் என்ன என்று தோன்றியது. ஹாலில் பத்தடிச் சுவர் இருக்கிறது. ஒன்றரை அடி அகலத்துக்குப் பலகை அடிக்க வீட்டில் அனுமதியும் வாங்கிவிட்டேன். மதுரையில் கிளம்பி செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி எல்லாம் வர வேண்டும். அதற்கு மேலே இரண்டாவது தட்டில் மூணாறு டாப் ஸ்டேஷன் குட்டி ரயில் ஓட, அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் போடிப் பக்கம் இறங்குவதாகக் காட்ட ஆசை. எந்த ஸ்கேல் எடுப்பது? மகன் வாங்கிய தண்டவாளம் உதவுமா? எங்கிருந்து தொடங்குவது?

ரா., பெங்களூரு

அன்புள்ள ரா.,

வீட்டில் அனுமதி வாங்கிவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி உங்கள் பட்டியலில் கோடு போட்டு அடிப்பது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் 90 கிலோமீட்டர். மாடல் ரயிலில் பரவலாகப் புழங்கும் ஹெச்ஓ ஸ்கேல் 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் உங்கள் பாதை ஒரு கிலோமீட்டருக்கும் சற்று மேலே போகும். உங்கள் பத்தடிச் சுவரோ நிஜத்தில் 265 மீட்டர்தான். அதில் ஆறு ஊரை நட்டால் எஞ்சின் உசிலம்பட்டியில் நிற்கும்போது கடைசிப் பெட்டி இன்னும் மதுரையை விட்டிருக்காது. நீங்கள் சொன்ன ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் பெயர்ப்பலகையாகத்தான் மிஞ்சும்.

அதனால் போடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களெல்லாம் பலகைக்கு வெளியே இருக்கட்டும்.

கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷனை மட்டும் செய்வது புது யோசனை ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் இதை ஒரு தனி மரபாகவே வளர்த்துவிட்டார்கள். டெவன் மாவட்டத்தில் டாட்னஸிலிருந்து ஆஷ்பர்ட்டனுக்கு 1872-இல் ஒரு கிளைப் பாதை போட்டார்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர், தேனிக்கும் போடிக்கும் உள்ள தூரம்தான். 1958-இல் பயணிகள் வண்டி நின்றது, 1962-இல் ஆஷ்பர்ட்டனுக்கு ரயிலே இல்லாமல் போனது. ஆனால் மரக்கூரை போட்ட அந்தச் சின்ன ஸ்டேஷனை மாடல் செய்பவர்கள் விடவே இல்லை. ஒரு பிளாட்பாரம், ஒரு கூட்ஸ் ஷெட், எஞ்சின் நிற்க ஓர் இடம், கொஞ்சம் பாயின்ட்டுகள் (தண்டவாளம் பிரியும் இடங்கள்). ரயில் நிலையம் என்றால் என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது. பெரிய ஜங்ஷனைச் சுருக்கினால் பொம்மைபோல் ஆகிவிடும். கடைசி ஸ்டேஷன் முதலிலேயே சின்னது என்பதால் சுருக்க வேண்டியது குறைவு.

மதுரை எங்கே போகும் என்று கேட்பீர்கள். அதற்கு அவர்கள் ஃபிடில் யார்டு என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாடக மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நடிகர் காத்திருப்பது மாதிரி வண்டி அங்கே காத்திருக்கும். உங்கள் சுவரில் ஒரு மீட்டரை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு மீட்டர் நீளத் தனிப் பலகையில் தண்டவாளத்தை ஒட்டி, தூக்கி எடுக்கும்படி வையுங்கள். போடியிலிருந்து புறப்பட்ட வண்டி அதற்குள் போனதும் பலகையோடு தூக்கி, முன்பின்னாகத் திருப்பி வைத்தால் எஞ்சின் போடிப் பக்கம் பார்த்து நிற்கும். மதுரை போய்த் திரும்பியாயிற்று.

அடுத்தது வருஷம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் இந்தப் பாதை ஒரே பாதையாக இருந்ததில்லை. 1928-இல் தென்னிந்திய ரயில்வே காலத்தில் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள். 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வண்டி திரும்பி வந்தது. நீங்கள் சின்ன வயதில் பார்த்தது கரி எஞ்சினாக இருக்கலாம், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் ஓட்டு மீட்டர் கேஜின் கடைசிப் பத்து வருஷங்களுக்கு. ஒய்டிஎம்-4 டீசல் நீள மூக்கு (லாங் ஹுட்) முன்னால் இருந்தாலும் குட்டை மூக்கு (ஷார்ட் ஹுட்) முன்னால் இருந்தாலும் ஓடும், எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையான டர்ன்டேபிளுக்கு இடம் தேட வேண்டாம். அந்தக் காலத்துக்கு ரயில் பிரியர்கள் எடுத்த போட்டோக்களும் தேடினால் கிடைக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வட்டப்பாதை ஏன் அலுத்தது? வண்டிக்கு அங்கே வேலை இல்லை. பலபேர் முதலில் தண்டவாளம் போட்டுவிட்டு, அப்புறம் அதில் என்ன ஓட்டுவது என்று யோசிக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ஒரு டைம்டேபிள் எழுதுங்கள். பழைய ரயில்வே கால அட்டவணை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி போடிக்கு வருகிறது. எஞ்சினைக் கழற்ற வேண்டும். அது முன்னால் போய், பாயின்ட் மாறி, பக்கத்திலேயே பிரிந்து மறுபடி சேரும் லூப் லைன் வழியாகச் சுற்றி மறுமுனைக்கு வந்து மாட்ட வேண்டும். டோக்கன் (ஒற்றைப் பாதையில் போக அனுமதி) வாங்க வேண்டும், கைகாட்டி இறங்க வேண்டும், அதன் பிறகுதான் புறப்பாடு. இவ்வளவும் முறையாகச் செய்தால் ஒரு வண்டிக்கே கால் மணி நேரம் ஓடிவிடும். மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தைக் கழிக்கலாம்.

இந்த வேலைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்தால் வரைபடம் தானாக வந்துவிடும். மீட்டர் கேஜ் பெட்டி சுமார் 20 மீட்டர் என்று வையுங்கள், 1:87-இல் 23 சென்டிமீட்டர். மூன்று பெட்டிக்கு 69. லூப்புக்கு 75 சென்டிமீட்டர், இரண்டு முனையிலும் பாயின்ட்டுக்குத் தலா 18, அதைத் தாண்டி எஞ்சின் போய் நிற்க 22. ஆக ஸ்டேஷன் 133 சென்டிமீட்டரில் முடிந்தது. ஃபிடில் யார்டின் மறைவுப் பலகை 100. மிச்சம் 72 சென்டிமீட்டர் வெறும் பாதை. அதில் எதையும் கட்டிவிடாதீர்கள். வண்டி வருவதைக் காண அந்த வெட்டவெளி வேண்டும். லூப்பிலிருந்து சரக்குப் பெட்டி நிறுத்த ஒரு கூட்ஸ் சைடிங் பிரியட்டும். மொத்தம் மூன்றே பாயின்ட். போடி யார்டு நிஜத்தில் இதைவிடப் பெரிதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நீளத்தைக் குறைக்கலாம், வரிசையை மாற்றக்கூடாது. எந்தப் பக்கம் பிளாட்பாரம், எந்தப் பக்கம் கூட்ஸ் என்பதைப் பழைய போட்டோக்களிலிருந்தும், அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாயின்ட்ஸ்மேன், கேங்மேன் யாராவது அகப்பட்டால் அவர்களிடமிருந்தும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது போய்ப் பார்த்துப் பிரயோஜனமில்லை. அகலப்பாதை வந்ததில் யார்டு மாறிவிட்டது.

மகன் வாங்கிய தண்டவாளம். அது ஹெச்ஓ செட்டாக இருந்தால் இடைவெளி 16.5 மில்லிமீட்டர் இருக்கும். 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர், அதாவது சென்னை மெட்ரோ ஓடும் கேஜ். போடி வண்டி அதில் ஓடினால் காலை அகட்டி நடக்கிற மாதிரி தெரியும். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வாங்குங்கள். 87-ஆல் பெருக்கினால் 1,044, மீட்டருக்கு மிக அருகில். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வேயும் மீட்டர் கேஜ்தான், அதற்கான மாடல்கள் கடைகளில் வருகின்றன. அதன் சேஸிஸை (சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகத்தை) எடுத்து மேலே நம் டீசலின் உடம்பை பிளாஸ்டிக் ஷீட்டிலோ 3டி பிரிண்டிலோ செய்து மாட்டலாம். பெட்டியின் முனையில் இடியைத் தாங்கும் பஃபர் நடுவில் ஒன்றுதான் வர வேண்டும். ஜெர்மன் பெட்டியின் இரட்டை பஃபரை அப்படியே விட்டால் விஷயம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். மனித பொம்மைகளும் கோட்டு சூட்டோடு வரும். மெல்லிய பேப்பரில் வேட்டி கட்டிவிட வேண்டியதுதான்.

காட்சிக்கு வருவோம். பாதை தேனியிலிருந்து மேற்கே வந்து போடியில் முடிகிறது. பலகைக்குத் தெற்கே நின்று வடக்கே பார்ப்பதாக வையுங்கள். பாதை முடியும் இடம் இடது கையில் வரும். பின்சுவரில் மலை இடதுபக்கம் உயரமாகத் தொடங்கி வலதுபக்கம் சரியட்டும். மறைவுப் பலகையின் வாயை மூடச் சுரங்கப்பாதை வைக்கத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும், வேண்டாம். ஆண்டிபட்டிக் கணவாயிலேயே பாறையை வெட்டித்தான் வழி விட்டிருக்கிறார்கள். அதுவும் உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் இருப்பது, போடிக்கும் அதற்கும் வெகுதூரம். அடர்த்தியாக ஒரு தென்னந்தோப்பு வையுங்கள், வண்டி அதிலிருந்து வரட்டும். தென்னங்கீற்றுக்குப் பறவை இறகை ஓரம் கத்தரித்துப் பச்சை அடித்தால் சரியாக வரும். ஜல்லிக்கு நைசாகச் சலித்த கருங்கல் தூள், செம்மண்ணுக்குக் காய்ந்த டீத்தூள் சக்கை.

கடைசியாக டாப் ஸ்டேஷன். மூணாறுக்குப் பக்கத்துக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் மாடு இழுக்கும் மோனோரயிலாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி கேஜ் பாதையாக மாறி, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது அந்த ரயில். போடிக்கு ரயில் வந்தது 1928-இல். நான்கு வருஷம் தவறிப்போனதால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டக்குடிக்கு ரோப்வேயில் இறங்கிய தேயிலைக்கு, அந்த ரயில் ஓடிய காலத்தில் கீழே மாட்டு வண்டிதான். வெள்ளம் வராமல் இருந்திருந்தால் என்று கற்பனையாகச் செய்வதானால் தாராளமாகச் செய்யலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் அப்போது கீழே ஒய்டிஎம்-4 நிற்கக்கூடாது. 1930-ஐ ஒட்டிய கரி எஞ்சின், தென்னிந்திய ரயில்வே பெட்டிகள், டர்ன்டேபிள் கேள்வி என்று எல்லாம் கூடவே வரும். ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு தட்டு போட்டால் மேல்தட்டின் நிழல் கீழே விழுந்து ஸ்டேஷன் பகலிலும் இருட்டாக இருக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதை அடுத்த சுவருக்கு விட்டுவிடுவேன்.

எதையும் வாங்குவதற்கு முன் பழைய நியூஸ்பேப்பரை ஒட்டிப் பத்தடிக்கு விரித்து, மேலே சொன்ன அளவில் கோடு வரைந்து, அட்டையில் மூன்று பெட்டியும் ஒரு எஞ்சினும் வெட்டிக் கையால் நகர்த்திப் பாருங்கள். லூப் போதவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அந்தச் சுவரில் கதவு எந்த முனையில் இருக்கிறது என்று எழுதவில்லையே. வலது முனையில் இருந்தால் மறைவுப் பலகையைத் தூக்கித் திருப்ப இடிக்கும். அதைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

அன்புடன்.