மழைக்காலத்தில் சென்னைத் தோட்டத்தில் மூடுபயிர் போடலாமா, கம்போஸ்ட் மட்டும் போதுமா?

தாராளமாகப் போடலாம். குளிர்நாடுகளில் உறைபனிக்கு முன் ரை என்ற தானியத்தை விதைத்து மண்ணை மூடுகிறார்கள். நமக்கு உறைபனி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் வடகிழக்குப் பருவமழைதான் வெறும் மண்ணை அரித்துச் சத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது.

அதனால் செப்டம்பர் கடைசியில் தக்கைப்பூண்டு என்ற தழையுரச் செடியை விதையுங்கள், சென்ட்டுக்கு 200 கிராம். மாதவரம் பக்கம்போலத் தண்ணீர் தேங்கும் நிலத்திலும் இது தாக்குப்பிடிக்கும். மேட்டு நிலமென்றால் இன்னொரு தழையுரச் செடியான சணப்பை நல்லது. ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள்: கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த நிறம் இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

சுமார் 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது மடக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள். விட்டால் தண்டு நாராகி, மட்க நாளாகும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தக்காளி, கத்தரி நாற்று நடலாம்.

கம்போஸ்ட்டும் வேண்டும், ஏனென்றால் மூடுபயிர் நைட்ரஜன் தரும், ஆனால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) புதிதாகச் சேர்க்காது. குவியலை மழை நனைக்காமல் மூடுங்கள். மண்வாசனை வந்தபிறகே நடவுக்குழியில் போடுங்கள்.