புதுத் தொட்டியில் பழுப்புப் படிவு: கொட்டிக் கழுவுவதற்கு முன் இதைப் படியுங்கள்

புதிதாக அமைத்த இரண்டடி மீன்தொட்டியின் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாக ஏதோ படிகிறது, உள்ளே வைத்த அலங்காரக் கட்டையால் தண்ணீரும் நிறம் மாறிவிட்டது, கடைக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்களும் மதுரைப் பக்கம்தான் என்பதால், ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றியிருப்பீர்கள் என்றும், விளக்கைக் காலையில் போட்டுப் படுக்கும்போதுதான் அணைக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், அவை இரண்டும் வேறு வேறு. தண்ணீரின் நிறம் கட்டையிலிருந்து இறங்கும் டானின். தோல் பதனிடக் கருவேலம்பட்டையிலும் ஆவாரம்பட்டையிலும் எடுக்கிறார்களே, அதே துவர்ப்புச் சத்து. கண்ணாடியில் படிவது டயட்டம் என்னும் நுண்பாசி. ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றுக்கு உதவாது. கடைகளில் இரண்டையும் சேர்த்து 'அழுக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால்தான் இத்தனை குழப்பமும்.

என் வீடு ஒத்தக்கடையில், யானைமலை தெரியும் தூரத்தில் இருக்கிறது. கீழே முழுவதும் பாறை. அந்தப் பாறை இடுக்குகளில் ஊறிவரும் நீரில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா கரைந்திருக்கிறது. டயட்டம் தன் உயிரணுவின் சுவரையே சிலிக்காவால்தான் கட்டிக்கொள்கிறது என்பதால், புதுத் தொட்டியில் செடிகளும் பச்சைப்பாசியும் வேரூன்றி அதற்குப் போட்டியாக வரும் வரை அதற்குக் கொண்டாட்டம். என் தொட்டியில் மணல், கல், வாலிஸ்நேரியா இலை என்று ஒன்றுவிடாமல் பழுப்பு பூசிக்கொண்டது. தண்ணீரோ கடுங்காப்பியைத் தண்ணீர் விட்டு இளக்கிய நிறத்துக்கு வந்துவிட்டது. பார்க்க வந்த என் மாமனார், "வாய்க்காத் தண்ணியவா மாப்ள காசு குடுத்து வாங்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். வீடே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நான் தொட்டியைக் கொட்டவில்லை. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தொட்டி நீரை மொண்டு, மூடி, மறுநாள் காலை வரை அசைக்காமல் வைத்தேன். மஞ்சளாக இருந்தாலும் நீர் தெளிவாகவே இருந்தது. அடியில் ஒரு துகள்கூட இல்லை. அப்படியிருந்தால் அது டானின். துகள் படிந்தால் மணலைச் சரியாகக் கழுவவில்லை என்று பொருள். குழாயிலிருந்து பிடிக்கும்போது தெளிவாக இருக்கும் நீர் வாளியில் நின்றபின் செம்மண் நிறமாகிறதென்றால் அது இரும்புச்சத்து. அதற்குக் கட்டையைக் குறைசொல்லிப் பயனில்லை. பிறகு, காலாவதியான ஏடிஎம் அட்டையின் விளிம்பால் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தேன். பழுப்பு, சுருள் சுருளாகக் கையோடு வந்துவிட்டது. இத்தனை எளிதாக வந்தால் அது டயட்டம். அட்டையால் வழித்தும் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டு நிற்பது வேறு பாசி.

கடைக்காரர் சொன்னதை அப்படியே செய்தவர் என் மைத்துனர். தொட்டியைக் காலிசெய்து, வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் பிழிந்து பிழிந்து வெளுத்து, போதாக்குறைக்கு நீல மருந்தையும் ஊற்றினார். தண்ணீர் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் சில நாட்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கும். அவற்றைத்தான் அவர் வெளுத்துக் கொட்டியிருந்தார். நீல மருந்து என்பது மெத்திலீன் புளூ. மீனின் உடலில் பூஞ்சை வந்தால் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டிய அது, மிச்சமிருந்த பாக்டீரியாவையும் கெடுத்து, கண்ணாடி மூலைகளில் இருக்கும் சிலிக்கோனையும் நீலமாக்கிவிட்டது. பழுப்போ, சிலிக்கா நிறைந்த புது நீர் முழுத் தொட்டிக்கும் கிடைத்ததால், முன்பைவிடத் தாராளமாகத் திரும்பி வந்தது.

டானினால் மீனுக்குக் கேடில்லை. கார்டினல் டெட்ரா மீன் வாழும் தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆறே டானின் ஏறிய கருநீர்தான். இதில் வேடிக்கை, கட்டையின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் அதே கடையில் ஃபைட்டர் மீனுக்கென்று நாட்டு பாதாம் இலையைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். அதிலிருந்து இறங்குவதும் டானின்தான். பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) குறைந்துவிடுமே என்று யாராவது கீழே எழுதக்கூடும். நம் ஊர்க் கடினநீரில் ஒரு கட்டையால் அது பெரிதாக அசையாது. தாதுக்கள் நீக்கிய ஆர்ஓ நீர் மட்டும் ஊற்றுபவர்கள் கவனமாக இருக்கட்டும்.

நிறமே பிடிக்கவில்லை என்றால் கட்டையை அண்டாவில் போட்டு, கருத்த நீரை மாற்றி மாற்றிச் சில மணி நேரம் கொதிக்கவைக்கலாம். அண்டாவில் அடங்காத கட்டையைப் பீப்பாயில் வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டியதுதான். வடிகட்டியில் ஒரு பை கிளர்வூட்டிய கரி வைத்தால் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் சக்தி சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பதால் மாற்ற வேண்டும். கட்டையின் மேல் வெள்ளையாக வழவழவென்று ஏதேனும் படர்ந்தால் பயப்பட வேண்டாம், பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டால் போதும். கண்மாய்க் கரையில் வெட்டிய பச்சைச் சீமைக்கருவேல வேரை மட்டும் கொண்டுவந்து போடாதீர்கள், அது அழுகும்.

டயட்டத்துக்கு விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரமாகக் குறையுங்கள். வாரம் ஒருமுறை வழித்துவிட்டு, உதிர்ந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி, கால்வாசி நீரை மாற்றுங்கள். மாற்றும் நீரில் ஒரு பங்கை ஆர்ஓ நீராகக் கலந்தால் சிலிக்கா குறையும். பெரும்பாலான தொட்டிகளில் ஓரிரு மாதங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது. ஆழ்துளை நீர் என்றால் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும்.

'டேங்க் கிளீனர்' என்று சொல்லி ஒரு சக்கர் மீனையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். விரல் நீளத்தில் விற்கப்படும் அந்த மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். தொட்டி கொள்ளாமல் போனதும் அதைக் கொண்டுபோய்க் கண்மாயில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, வலையில் சிக்கினால் முள்ளால் வலையையும் கிழித்துக்கொண்டு நிற்கிறது. விற்கும்போது அது எவ்வளவு வளரும் என்று ஒரு வார்த்தை சொல்லும் கடையை நான் இதுவரை பார்க்கவில்லை. பாசி தின்ன ஓர் உயிர் வேண்டும் என்றால், தொட்டி நிலைபெற்ற பிறகு இரண்டு நெரைட் நத்தைகளை வாங்கி விடுங்கள். நன்னீரில் அவற்றின் குஞ்சுகள் பிழைக்காது என்பதால் பெருகித் தொல்லை தராது.