தெருவுல துப்பாக்கி போலீஸ், போன்ல "ஸ்டேஷனுக்கு வா": பையனை அனுப்பலாமா?

கேள்வி: சார், நாங்க குடியாத்தம் பக்கம். விநாயகர் சதுர்த்திக்கு முன்னாடி எங்க தெருவுல கொடி அணிவகுப்புன்னு சொல்லி பெரிய துப்பாக்கி, ஹெல்மெட், கவசமெல்லாம் போட்டுகினு நூறு பேர் கிட்ட நடந்து போனாங்க, பாத்தா மிலிட்டரி மாதிரியே இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு என் பையனுக்கு வாட்ஸ்அப்ல கால். 19 வயசு, ஷூ கம்பெனில வேலை. ஸ்டேஷன்ல இருந்து பேசறோம், உங்க அப்பாவையும் இட்டுகினு வா, ஆதார் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவும் எடுத்துகினு வான்னாங்க. எதுக்குன்னு சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கு 63 வயசு, சுகர் வேற. தெரிஞ்சவர் ஒருத்தர், பையன் பேரு லிஸ்ட்ல இருக்கு, லிஸ்ட் பட்டாலியனுக்கே போயிடுச்சு, 40,000 கொடுத்தா எடுத்துடலாம்னு சொல்றாரு. போலீஸே மிலிட்டரி மாதிரி ஆயிட்டா எங்கள மாதிரி ஜனங்க இன்னா பண்றது? பணத்தைக் கொடுத்துடலாமா?

பதில்: அம்மா, மொதல்ல பணத்தைப் பத்தி சொல்லிடறேன், ஒரு ரூபா கூட கொடுக்காதீங்க. "லிஸ்ட் பட்டாலியனுக்கு போயிடுச்சு"ன்னு அவர் சொன்ன ஒரு வார்த்தையிலயே அவருக்கு உள்ள ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சு போச்சு, ஏன்னா பட்டாலியன்காரங்க எஃப்.ஐ.ஆர். போட மாட்டாங்க, உங்க பையனைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்க, அது அவங்க வேலையே இல்ல.

உங்க தெருவுல நடந்தவங்க யாருன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். நீலக் கலர் புள்ளி புள்ளியா யூனிஃபார்ம் போட்டிருந்தா அது அதிவிரைவுப் படை, மத்திய ரிசர்வ் போலீஸோட ஒரு பிரிவு, 1992ல ஆரம்பிச்சது, கோயம்புத்தூர்ல ஒரு பட்டாலியன் இருக்கு, பண்டிகை, தேர்தல் சமயத்துல ஊரைப் பழகிக்கணும்னு மாவட்டம் மாவட்டமா வந்து நடந்துட்டுப் போவாங்க. காக்கியில வந்திருந்தா ஒண்ணு வேலூர் ஆயுதப்படை, நம்ம ஜனங்க ஏ.ஆர்.னு சொல்றது, இல்லன்னா சேவூர்ல இருக்கிற தமிழ்நாடு சிறப்புக் காவல் படை 15ஆம் பட்டாலியன். இவங்க எல்லாருக்கும் பந்தோபஸ்து, கூட்டத்தைக் கலைக்கிறது, ரோந்து, அவ்ளோதான். சாயங்காலம் வண்டி ஏறி போயிடுவாங்க. உங்க பையன் பேரை கேஸ்ல சேக்கறதும் சேக்காததும் உங்க ஊர் ஸ்டேஷன்ல பேனா வச்சிருக்கிறவர் கையில இருக்கு, அதனால நீங்க கண்ணு வைக்க வேண்டியது துப்பாக்கி மேல இல்ல, அந்தப் பேனா மேல.

அதுக்காக உங்க பயம் வெத்துப் பயம்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம போலீஸை பழக்கறதே அப்படித்தான். இரண்டாம் நிலைக் காவலரா செலக்ட் ஆகிற பையன் நேரா ஸ்டேஷனுக்கு வர்றதில்ல, ஆயுதப்படைக்கோ பட்டாலியனுக்கோ தான் போறான், பல வருஷம் கவாத்து, லத்தி, பந்தோபஸ்துன்னு கழிச்சிட்டு அப்புறம்தான் லோக்கலுக்கு மாத்தலாகி வர்றான், ஜனங்க கிட்ட பேசிப் பழகறதுக்கு முன்னாடி கூட்டத்தைத் தள்ளிப் பழகிடறான். இதுல மத்திய அரசோட காவல்துறை நவீனமயமாக்கல் திட்டம்னு 1969ல இருந்து ஒண்ணு ஓடுது, அதுல ஆயுதம், வண்டி எல்லாம் வாங்கறாங்க, ஆனா ஒரு ஸ்டேஷனுக்கு எழுதத் தெரிஞ்ச ரைட்டர் நாலு பேர் கூடுதலா போடுங்கன்னா மட்டும் வருஷக்கணக்கா பதில் இல்ல.

நம்ம பழைய வட ஆர்க்காட்டுக்கு இது புதுசும் இல்ல. 1980 ஆகஸ்ட்ல திருப்பத்தூர் பக்கம் நக்சலைட்டுங்க குண்டுல இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் கூட இருந்த போலீஸ்காரங்களும் செத்தாங்க, அது பெரிய கொடுமை, அதுக்கப்புறம் போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில வட ஆர்க்காடு, தருமபுரின்னு நடந்த வேட்டையில என்கவுன்டர்னு சொல்லி எத்தனையோ பசங்க உசுரு போச்சு, திருப்பத்தூர் பக்கம் வயசானவங்களைக் கேட்டா இன்னைக்கும் சொல்லுவாங்க. தூத்துக்குடியில 2018 மே மாசம் ஸ்டெர்லைட் போராட்டத்துல 13 பேர் செத்தாங்க, வண்டி மேல ஏறி நின்னு சாதா டிரெஸ்ல ரைஃபிளால குறி வச்ச போலீஸ்காரரை தமிழ்நாடே டிவியில பாத்துச்சு. கூட்டத்தைக் கலைக்க பி.என்.எஸ்.எஸ்.னு சொல்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 148ல வழி இருக்கு, மொதல்ல கலைஞ்சு போகச் சொல்லணும், போகலைன்னா தான் பலம், அதுவும் தேவைக்கு மேல கூடாது. நிஜமா ராணுவத்தையே கூப்பிடணும்னா 149, அதுக்குக் கலெக்டரோ அவர் அதிகாரம் கொடுத்த மாஜிஸ்திரேட்டோ சொல்லணும். அருணா ஜெகதீசன் கமிஷன் தூத்துக்குடியில சுட்டது தேவையில்லாததுன்னு எழுதி, அந்த அறிக்கையை 2022ல சட்டசபையில வச்சாங்க. அறிக்கை வந்ததுதான் மிச்சம், சுட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு செத்தவங்க வீட்ல கேட்டுப் பாருங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். வாட்ஸ்அப் காலை வச்சு பையனை அனுப்பாதீங்க. போலீஸ் ஒருத்தரை விசாரணைக்குக் கூப்பிடணும்னா எழுத்துல கூப்பிடணும். சாட்சியா கூப்பிட்டா பி.என்.எஸ்.எஸ். 179, சந்தேகப்பட்டவரா கூப்பிட்டா 35(3), பழைய கணக்குல 160, 41ஏன்னு சொல்லுவாங்க, 2024 ஜூலை 1ல இருந்து நம்பர் மாறிடுச்சு, ஸ்டேஷன்ல சிலர் இன்னும் பழைய நம்பர்தான் சொல்லுவாங்க, குழம்பாதீங்க. 35 நோட்டீஸை வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ அனுப்பினா செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜனவரியில சொல்லிடுச்சு. அதனால பையன் போன்ல ஒரே பதில் சொல்லட்டும்: "சார், நோட்டீஸ் கொடுங்க, கட்டாயம் வரேன்." வர மாட்டேன்னு சொல்லக் கூடாது, சண்டை போடக் கூடாது, வரேன்னு சொல்லணும், நோட்டீஸ் வந்தா போயே ஆகணும். 35(3) நோட்டீஸை வாங்கிட்டு போகாம இருந்தா அதையே காரணமா காட்டி கைது பண்ணலாம், ஒழுங்கா போய் ஒத்துழைச்சா தனியா காரணம் எழுதி வைக்காம கைது பண்ண முடியாது.

உங்க வீட்டுக்காரர் விஷயத்தை மட்டும் பொறுமையா படிங்க. 60 வயசுக்கு மேல இருக்கிறவங்க, 15 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க, எந்த வயசா இருந்தாலும் பொம்பளைங்க, உடம்புக்கோ மனசுக்கோ முடியாதவங்க, கடுமையான வியாதியில இருக்கிறவங்க, இவங்களை சாட்சியா விசாரிக்கணும்னா போலீஸ்தான் வீட்டுக்கு வரணும், ஸ்டேஷனுக்கு வான்னு கட்டாயப்படுத்த முடியாது. உங்க வீட்டுக்காரருக்கு 63, அதனால அவருக்கு இது பொருந்தும், சுகருக்கு சர்டிபிகேட் கூட தேடிட்டு ஓட வேண்டாம், ஆதார்ல இருக்கிற வயசே போதும். ஆனா புதுச் சட்டத்துல இதுக்குக் கீழயே ஒரு வரி சேத்துட்டாங்க, அவரே விருப்பப்பட்டு ஸ்டேஷனுக்கு வர்றேன்னா வரலாம்னு. இந்த ஒரு வரியிலதான் எல்லாரும் மாட்டறாங்க. போன்ல கூப்பிடுவாங்க, பெரியவர் மரியாதைக்காக வேட்டி மாத்திக்கினு போவாரு, போனதும் "அவரா விருப்பப்பட்டு வந்தாரு"ன்னு ஆயிடும், அப்புறம் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் பெஞ்சுல உக்காத்தி வச்சாலும் அவர் நின்னு கேக்கறது கஷ்டம். அதனால அவர் போகவே கூடாது, "வீட்டுக்கு வாங்க, பதில் சொல்றேன்"னு ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி பையன் கிட்டயோ வக்கீல் கிட்டயோ கொடுத்து அனுப்பட்டும். இன்னொண்ணு, இந்தப் பாதுகாப்பு சாட்சிக்குத்தான். அவர் மேலயே சந்தேகம்னு 35(3)ல நோட்டீஸ் வந்தா வயசைச் சொல்லி வீட்லயே உக்கார முடியாது, போகணும். ஆனா அங்கயும் ஒரு பிடி இருக்கு, மூணு வருஷத்துக்குக் கீழ தண்டனை இருக்கிற குற்றம்னா, 60 வயசுக்கு மேல இருக்கிறவரை துணைக் கண்காணிப்பாளர் ரேங்குக்குக் குறையாத அதிகாரி அனுமதி இல்லாம கைது பண்ண முடியாது, 35(7)ல இருக்கு. சாட்சியா, சந்தேகமான்னு நோட்டீஸைப் பாத்தாதான் தெரியும், அதுக்குத்தான் பேப்பர் பேப்பர்னு அடிச்சுக்கறேன்.

ஆதார், போட்டோ எதுவும் இப்போ கொடுக்காதீங்க. கைதானவங்க கிட்ட அளவு, கைரேகை எடுக்க 2022ல வந்த சட்டம் இருக்கு, சும்மா கூப்பிட்டு விசாரிக்கிற பையனுக்கு அது பொருந்தாது. முகத்தை வச்சு ஆளைத் தேடற சாஃப்ட்வேர் தமிழ்நாடு போலீஸ் கிட்ட இருக்கு, ஒரு தடவை உள்ள போன போட்டோவை வெளிய எடுக்க நீங்க எங்க போய் நிப்பீங்க?

அடுத்தது கையெழுத்து. பண்டிகை நேரத்துல பசங்களைக் கூப்பிட்டு "ஒரு பாண்டுதான், போட்டுட்டுப் போ"ன்னு அனுப்புவாங்க, இனிமே தகராறு பண்ண மாட்டேன், ஒழுங்கா இருப்பேன்னு எழுதிக் கொடுக்கறதுதான் பாண்டு, பழைய சட்டத்துல 107, 110, இப்போ 126, 129. அதை ஒரு நிர்வாக மாஜிஸ்திரேட்டுதான் விசாரிச்சு வாங்கணும், ஸ்டேஷன் மேஜை மேல வாங்கற விஷயம் இல்ல. ஆனா ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற ஜெராக்ஸ் கடையில டைப் பண்ண ஃபார்ம் ரெடியா இருக்கும், பேருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும், பையன் கையெழுத்து போட்டுட்டு வந்துடுவான், மேல என்ன எழுதியிருக்குன்னு அவனுக்கே தெரியாது. முறைப்படி பாண்டு எழுதிக் கொடுத்துட்டு அந்தப் பாண்டு காலம் முடியறதுக்குள்ள வேற ஏதாவது தகராறுல பேர் வந்துச்சுன்னா பாண்டை மீறிட்டான்னு உள்ள வச்சிடலாம். படிக்காம, தேதி இல்லாம, இடம் காலியா விட்டு எதுலயும் கையெழுத்து போடக் கூடாதுன்னு பையனுக்கு அழுத்திச் சொல்லுங்க.

இப்போ அந்த "தெரிஞ்சவர்". இவங்களை எனக்கு நல்லா தெரியும், எங்க போனாலும் ஒரே அச்சு. ஸ்டேஷனுக்கு எதிர்ல டீக்கடையில உக்காந்திருப்பாரு, ரெண்டு போன், ஒண்ணுல "எஸ்.ஐ. சார்"னு ஒரு நம்பரை சேவ் பண்ணி வச்சிருப்பாரு, உங்க கண் முன்னாடியே போன் போட்டு "சார், நம்ம பையன்தான்"னு பேசுவாரு, அந்தப் பக்கம் பேசறது யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் மச்சானா கூட இருக்கலாம். அணிவகுப்பு நடந்த மறுநாள்தான் இவங்களுக்கு வேட்டை, ஜனங்க துப்பாக்கியைப் பாத்து நடுங்கிட்டு இருக்கும்போது "லிஸ்ட்"னு ஒரு வார்த்தை போதும். எஃப்.ஐ.ஆரே இல்லாத பையன் பேரை எதுல இருந்து எடுப்பாங்க? கேஸ் இல்லன்னா தானா ஒண்ணும் வராது, அதை இவர் எடுத்துக் கொடுத்த மாதிரி 40,000 வாங்கிப்பாரு. கேஸ் இருந்தா பணத்தையும் வாங்கிட்டு போனை சுவிட்ச் ஆஃப் பண்ணிடுவாரு. இதுல இன்னொரு ஆபத்து, நீங்க பணம் கொடுத்தீங்கன்னு தெரிஞ்சாலே "தப்பு பண்ணாதவன் ஏன் கொடுக்கறான்"னு பையன் மேல சந்தேகம் திரும்பும். வக்கீல் குமாஸ்தான்னு சொல்லிட்டு வர்றவங்களையும் நம்பாதீங்க, வக்கீலை நேர்ல பாத்து வக்காலத்துல கையெழுத்து போட்டாதான் அவர் உங்க வக்கீல். பணமில்லன்னா வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்துல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு கேக்காமயே வக்கீல் கொடுக்கணும்னு சட்டம், நீங்களே உங்க பேர்ல மனு கொடுக்கலாம். 15100க்கு போன் பண்ணாலும் சொல்லுவாங்க.

நோட்டீஸ் வந்து பையன் போனான்னா கூட ஒருத்தர் போங்க, உள்ள போன நேரம், வெளிய வந்த நேரத்தை எழுதி வைங்க. ஸ்டேஷன்ல சி.சி.டி.வி. வைக்கணும், பதிவை 18 மாசம் வச்சிருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2020 டிசம்பர்லயே சொல்லிடுச்சு, ஏதாவது நடந்துச்சுன்னா அன்னைக்கே "இந்த நேரத்துப் பதிவை அழிக்காதீங்க"ன்னு எஸ்.பி.க்கு பதிவுத் தபால்ல மனு போடுங்க, லேட் பண்ணா "கேமரா ரிப்பேர்"னு பதில் வரும், அந்தக் கேமரா ஏன் எப்பவும் தேவைப்படற அன்னைக்கே ரிப்பேர் ஆகுதுன்னு யாரும் பதில் சொல்றதில்ல. நிஜமாவே கைது பண்ணாங்கன்னா காரணத்தை எழுத்துல, அவனுக்குப் புரியற பாஷையில கொடுக்கணும், வீட்டுக்குச் சொல்லணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டு முன்னாடி நிறுத்தணும்.

புகார் எங்க கொடுக்கறதுன்னு கேப்பீங்க. போலீஸ் மேல புகாருக்குன்னு 2013 சட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு ஆணையம் வச்சாங்க, கலெக்டர் தலைவர், உறுப்பினர் யாருன்னா எஸ்.பி.யே. சுப்ரீம் கோர்ட்டு 2006ல சொன்னது என்ன, ஓய்வு பெற்ற நீதிபதியைத் தலைவரா போடுன்னு, இவங்க செஞ்சது என்ன? போலீஸ் மேல புகாரை போலீஸ் அதிகாரி முன்னாடியே போய் சொல்லணுமாம். இருந்தாலும் மனு கொடுங்க, எஸ்.பி. ஆபீஸ்ல புதன்கிழமை நேர்ல வாங்கறாங்க, ரசீது இல்லாம வெளிய வராதீங்க. மனித உரிமை ஆணையத்துக்குன்னா ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, 2015 ஜூன்ல ஆம்பூரை நாம பாத்தோம். பள்ளிகொண்டா ஸ்டேஷனுக்கு விசாரணைக்குப் போன இளைஞர் பின்னாடி ஆஸ்பத்திரியில இறந்தாரு, ஸ்டேஷன்ல அடிச்சதுதான் காரணம்னு ஜனம் ரோட்டுக்கு வந்துச்சு, பஸ் எரிஞ்சுது, போலீஸ்காரங்களுக்கும் பலமா அடி, அப்புறம் தெருத்தெருவா பசங்களை அள்ளிட்டுப் போனாங்க. பத்து வருஷம் கழிச்சு 2025 ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்தப்ப பெரும்பாலானவங்க விடுதலை, ஆனா அந்தப் பத்து வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பாங்க? கலவரப் படையெல்லாம் கடைசியில தான் வந்துச்சு, மொதல்ல நடந்தது ஸ்டேஷன்ல ஒரு விசாரணை.

பையனை வழக்கம் போல வேலைக்கு அனுப்புங்க, ஊரை விட்டு சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் அனுப்பி வைக்காதீங்க, அதை ஓடிட்டான்னு எழுதுவாங்க. அந்த வாட்ஸ்அப் காலோட நம்பர், தேதி, நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, "தெரிஞ்சவர்" திரும்ப கேட்டா மெசேஜ்ல கேக்கச் சொல்லுங்க, கேக்க மாட்டாரு. நோட்டீஸ் கைக்கு வந்த அன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு சத்துவாச்சாரிக்கு வாங்க, பத்தரைக்கு கோர்ட்டு ஆரம்பிச்சா யாரையும் பிடிக்க முடியாது, அதுக்கு முன்னாடியே வந்துடுங்க.