நரி வாலுக்கு எந்த நூல்?

வணக்கம். பள்ளி நாடகத்தில் என் மகள் நரியாக நடிக்கிறாள். வாலை நானே செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இருந்ததிலேயே மிருதுவான கம்பளி நூலாகப் பார்த்து வாங்கி, வெட்டி, பிரித்து, சீவினேன். சுருள் போகட்டும் என்று வெந்நீரில் அலசியதும் எல்லாம் கட்டியாகிவிட்டது. எந்த நூல் வாங்க வேண்டும்? பேசாமல் செயற்கை ரோமத் துணியையே வாங்கிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கைவேலையில் குறையில்லை. நூல்தான் இந்த வேலைக்கு ஒத்துவராதது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். பிறகு எந்தச் சீப்புக்கும் மசியாது.

நூறு சதவீத அக்ரிலிக் (செயற்கை இழை) நூல் வாங்குங்கள். கண்டாக இருக்கும்போது அது எவ்வளவு மிருது என்று நான் பார்ப்பதே இல்லை. சீவிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கணக்கு. தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் சாதாரண அக்ரிலிக், புரி பிரித்துச் சீவியதும் ரோமம்போல உப்பி நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். பருத்தி அப்படி உப்பாது, கனமும் அதிகம். வால் இடுப்பை இழுக்கும்.

அடுத்து முறுக்கைக் கவனியுங்கள். நூலின் நுனியை விரல்களுக்கிடையில் வைத்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக உருட்டுங்கள். மூன்று நான்கு புரிகள் தனித்தனியாகக் கழன்று வந்தால் அது உங்களுக்கான நூல். இறுக்கமாக முறுக்கியது என்றால் பிரிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். முறுக்கே இல்லாத ஒற்றைப் புரி நூலில் பிடிமானம் இல்லாததால் பாதி இழை பிரஷோடு போய்விடும். வெல்வெட் போலிருக்கும் நூலை எடுக்கவே வேண்டாம். அதில் நடுவே ஒரு மெல்லிய நூலும் அதில் செருகிய குட்டை இழைகளும்தான் இருக்கின்றன. சீவினால் மொட்டை நூல்தான் மிஞ்சும். தடிமனுக்கு, உறையில் 4 என்ற எண் போட்ட நடுத்தர நூல் போதும்.

ஒரே ஒரு கண்டு வாங்கிச் சோதித்துவிட்டு மற்றதை வாங்குங்கள். ஒரு சாண் நீளத்துக்குச் சில இழைகளை வெட்டி, நடுவில் இறுக்கிக் கட்டி, புரிகளைப் பிரித்து, நாய் பூனைகளுக்கு முடி சீவும் கம்பிப் பிரஷால் சீவுங்கள். நுனியில் தொடங்கி மெல்ல மெல்லக் கட்டை நோக்கி மேலேறுங்கள். நேராகக் கட்டருகே இழுத்தால் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வரும். நல்ல நூலிலும் கணிசமாக உதிரத்தான் செய்யும். அதனால் தேவை என்று தோன்றுவதைவிடக் கூடுதலாக வாங்குங்கள். எல்லாம் ஒரே சாய எண்ணாக, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றியதைக் குறிக்க உறையில் போடும் எண்ணாக, இருக்கட்டும். எண் மாறினால் ஒரே நிறமும் மேடை விளக்கில் இரண்டாகத் தெரியும்.

மிச்சமிருக்கும் நெளிவை நீக்க ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் போதும். இருப்பதிலேயே குறைந்த சூட்டில், நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். அக்ரிலிக் சூட்டில் இளகும். ஓரிடத்தில் நின்றால் பளபளத்து விறைத்துவிடும். சீவிய கொத்துகளை வாலில் தைக்கும்போது வால்நுனியில் தொடங்கி, கூரைக்கு ஓலை வேய்வதுபோல் ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் கட்டை மறைக்கும்படி மேலே போங்கள்.

ரோமத் துணி தவறில்லை. நாடகம் நாளைக்கே என்றால் அதுதான் சரி. ஆனால் துணியில் செம்பழுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் தையல் கோடாகத்தான் தெரியும். நூலில் இரண்டு நிறத்தையும் ஒன்றாக வைத்துச் சீவினால் ஒன்று மற்றதில் கரைந்துவிடும். செம்பழுப்போடு கொஞ்சம் கரும்பழுப்பு இழையையும் கலந்து பாருங்கள், நிறத்துக்கு ஆழம் வரும். இதற்காகவே நான் எப்போதும் நூல் பக்கம்தான் நிற்பேன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அக்ரிலிக் எளிதில் தீப்பிடித்து, உருகித் தோலில் ஒட்டும். நாடகத்தில் மெழுகுவர்த்தியோ விளக்கோ ஏற்றும் காட்சி இருந்தால், வால் கட்டிய குழந்தையை அதன் அருகே நிறுத்த வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.