காப்பர் போய் ஃபைபர் வந்தால், கரண்ட் இல்லாதபோது அம்மாவின் போன் அடிக்குமா?

கேள்வி: மன்னார்குடியில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 78. முப்பது வருடமாக ஒரே லேண்ட்லைன் நம்பர். காப்பர் லைனை எடுக்கப்போகிறோம், ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். தெருவில் கேபிள் நெட் கொடுப்பவரோ, "ஃபைபரில் கரண்ட் போனால் போனும் போய்விடும். என்னிடம் 4,500 ரூபாய்க்கு பேட்டரி ரூட்டர் வாங்குங்கள், அதே நம்பரையே நான் போட்டுத் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: கரண்ட் போனால் போனும் போகும் என்று அவர் சொன்னது உண்மை. 4,500 ரூபாய் தேவையில்லை. அவர் வேறு கம்பெனியின் ஆள் என்றால், அதே நம்பரை அவர் தருவார் என்பது நடக்காத காரியம்.

முதலில் கரண்ட் விஷயம். பழைய டெலிபோன் வீட்டுக் கரண்டில் ஓடியதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று ஒன்று இருக்கும். உள்ளே போனால் ஆசிட் நெடி மூக்கில் ஏறும். குடம் குடமாக 24 செல்கள், ஒவ்வொன்றும் 2 வோல்ட், மொத்தம் 48 வோல்ட். அந்த மின்சாரம்தான் இரண்டு செம்புக் கம்பி வழியாக அம்மாவின் போன் வரை வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் போன் அடித்த ரகசியம் இவ்வளவுதான்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், மின்சாரம் போகாது. அதனால் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, அடாப்டரில் கரண்ட் கொடுத்து, அதன் பின்பக்கம் போனைச் செருகுவார்கள். அம்மா "அலோ" என்றால் அந்தப் பெட்டி குரலை நொடிக்கு ஐம்பது பொட்டலம் வீதம் நறுக்கி, இன்டர்நெட் போகிற அதே பாதையில் அனுப்பிவிடுகிறது. அதாவது போன் இப்போது ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் வால். பெட்டி அணைந்தால் போனும் ஊமை. இதைத் தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து பில்லோடு அனுப்ப ஒரு கம்பெனிக்கும் மனசு வரவில்லை. ஆஃபர் எஸ்எம்எஸ் மட்டும் தினம் வருகிறது.

தீர்வு சின்னது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், இன்வெர்ட்டர் லைனில் இருக்கிற பிளக் பாயின்டில் பெட்டியைச் செருகச் சொல்லுங்கள். தீர்ந்தது. பெட்டி மாட்ட வருபவர் தன் வசதிக்கு டிவி பக்கத்தில் இருக்கிற பாயின்டைத்தான் தேடுவார், விடாதீர்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் மினி யூபிஎஸ், அதாவது பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிற சின்ன பேட்டரி. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். வாங்கும் முன் பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பெரும்பாலும் 12 இருக்கும். டப்பாவில் "10,400 எம்ஏஎச், 8 மணி நேரம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எம்ஏஎச் கணக்கு உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லுக்கானது, 12 வோல்ட்டாக ஏற்றும்போது அது குறைந்துவிடும். 10 வாட் இழுக்கிற பெட்டிக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் நின்றால் நல்ல சரக்கு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் பக்கம் பல நாள் கரண்ட் வரவில்லையே, அப்படி ஒரு நாளுக்கு இது போதாது. சாதாரண பட்டன் மொபைல் ஒன்றையும் அம்மாவிடம் சார்ஜ் போட்டு வைத்திருங்கள்.

இனி அந்த கேபிள்காரர். மொபைல் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றும் வசதி 2011-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. லேண்ட்லைனுக்கு இன்னும் கிடையாது. ஏன் இல்லை என்று கேட்டால் ஆளுக்கொரு கமிட்டியைக் காட்டுவார்கள். ஆகவே அதே கம்பெனியில் ஃபைபருக்கு மாறினால்தான் அதே நம்பர். தெருக்காரர் வேறு கம்பெனியின் ஆள் என்றால் புது நம்பர்தான். அவர் பேச்சைக் கேட்டு பழைய லைனை சரண்டர் செய்தால் முப்பது வருட நம்பர் அன்றோடு போச்சு. ஃபைபரில் அந்த நம்பர் அடிக்கிற வரை காப்பர் லைனை எடுக்க எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "கம்பத்தில் இருக்கிற பெட்டிக்கு கரண்ட் வேண்டுமா?" முறையான ஃபைபரில் வழியில் இருப்பது வெளிச்சத்தைப் பிரிக்கிற கண்ணாடித் துண்டு மட்டும், அதற்குக் கரண்ட் தேவையில்லை. சில இடங்களில் செலவை மிச்சம் பிடிக்க கம்பத்தில், இன்டர்நெட்டைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்விட்ச் பெட்டியைத் தொங்கவிட்டு, எதிர்வீட்டுக் கரண்டைக் கொடுத்திருப்பார்கள். தெருவில் கரண்ட் போனால் அதுவும் போகும். அம்மா வீட்டில் எத்தனை பேட்டரி இருந்து என்ன பயன்? என் மாமியார் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க எனக்கே நான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் "ரூட்டர் பழசு சார், மாத்திடுங்க" என்றார்கள். இரண்டு ரூட்டர் மாற்றிய பிறகுதான் கம்பத்தைப் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. அம்மாவிடம் இருப்பது எந்த போன்? விரல் விட்டுச் சுற்றுகிற பழைய போன் என்றால், ஃபைபர் பெட்டியில் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், ஆனால் நம்பர் சுற்றினால் பெரும்பாலும் போகாது. சுற்றும்போது டக் டக் என்று லைன் விட்டு விட்டு வருமே, அந்த பல்ஸ் இன்றைய பெட்டிகளில் பலவற்றுக்குப் புரியாது. பட்டன் போனிலும் இந்தச் சிக்கல் உண்டு. அடியிலோ பக்கவாட்டிலோ டி (T, டோன்), பி (P, பல்ஸ்) என்று இரண்டு ஆங்கில எழுத்துக்கு நடுவில் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். பழைய எக்ஸ்சேஞ்ச் காலத்தில் பி-யில் வைத்தது அப்படியே கிடக்கும். அதை டி பக்கம் தள்ளினால் வேலை முடிந்தது. இது தெரியாமல் "லைன் அவுட் ஆஃப் ஆர்டர்" என்று இரண்டு வாரம் புகார் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கார்ட்லெஸ் என்றால் அதன் அடித்தட்டுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும். அதனால் ஒயர் போட்ட சாதா போனே நல்லது.

பெட்டி மாட்டுகிற அன்று நீங்கள் ஊரில் இருங்கள். பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஆள் கிளம்பும் முன் மெயினை இறக்கிவிட்டு, உங்கள் மொபைலிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு கால் போடுங்கள். அம்மாவை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவையே உங்கள் மொபைலுக்கு அடிக்கச் சொல்லுங்கள், முன்னால் 0 சேர்த்து. இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் அவர் நீட்டுகிற தாளில் கையெழுத்து.