கழிவுநீர்க் கசடும் டைஜஸ்டரும்: கேட்டவையும் பதில்களும்

நகராட்சிக் கழிவுநீர் நிலையங்களில் கசடு சம்பந்தமான வேலையைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். தண்ணீர் எப்படிச் சுத்தமாகிறது என்று எல்லாரும் கேட்பார்கள், கசட்டையும், அதைச் செரிக்க வைக்கும் டைஜஸ்டர் தொட்டியையும் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இந்த முறை கேள்விகள் நிறைய வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

கவிதா, திருச்சி: சார், தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விட்டாயிற்று. அப்புறம் எதற்கு டைஜஸ்டர் என்று தனியாக ஒரு வேலை?

தண்ணீரிலிருந்து பிரித்த அழுக்கு எங்கேயும் போய்விடவில்லை அம்மா. ஒரு பங்கு முதல் தொட்டியின் அடியில் படிகிறது. இன்னொரு பங்கை ஏரேஷன் தொட்டியில் (காற்று ஊதும் தொட்டி) நுண்ணுயிரிகள் தின்று, தாங்களே பெருகிவிடுகின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் கசடு. கெட்டியாக்கிய பிறகும் அதில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். அப்படியே போட்டால் நாறும், ஈ மொய்க்கும், நோய்க்கிருமிகளும் குறையாமல் இருக்கும்.

டைஜஸ்டர் என்னும் காற்றுப் புகாத தொட்டியில் 35 டிகிரி வாக்கில் 20, 25 நாள் வைத்தால், அதிலுள்ள கரிமப் பொருளில் பாதிக்குப் பக்கத்தில் எரிவாயுவாகிவிடும். மிச்சத்தில் நாற்றம் குறையும், எடையும் குறையும். ஒரு நிலையத்தின் நடப்புச் செலவில் பாதி வரை கசட்டுக்கே போவதுண்டு. அதனால் இதைத் துணை வேலை என்று நான் சொல்லவே மாட்டேன்.

அருண், பொறியியல் மாணவர்: டைஜஸ்டருக்குள் செரிப்பது நான்கு கட்டங்களாக நடக்கும் என்று படித்தோம். இதில் எது தாமதப்படுத்துகிறது?

கசட்டைப் பொறுத்தவரை உடைத்துக் கரைக்கும் முதல் கட்டம்தான், தம்பி. ஏரேஷன் தொட்டியிலிருந்து வருபவை பெரும்பாலும் நுண்ணுயிரிச் செல்கள். அவற்றின் சுவர் உடைந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். உடைந்தவை அமிலங்களாகி, பிறகு அசெட்டிக் அமிலமும் ஹைட்ரஜனுமாகி, கடைசியில் மீத்தேன் என்ற எரியும் வாயு ஆகும்.

நார்வேயின் ஹமாரில் 1995இலேயே கசட்டை 160 டிகிரிக்கு மேல் நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, செல்களை உடைத்துவிட்டு டைஜஸ்டருக்குள் அனுப்ப ஆரம்பித்தார்கள். வாஷிங்டனின் ப்ளூ ப்ளெயின்ஸ் நிலையமும் 2015 முதல் அதைத்தான் செய்கிறது. ஆனால் டைஜஸ்டர் கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். மீத்தேன் நுண்ணுயிரிகள் மெதுவாகப் பெருகுபவை, அமிலம் உண்டாக்குபவை வேகமானவை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள், கீழே செல்வம் கேட்டிருப்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

ரஹீம், சென்னை: இந்த எரிவாயுவிலிருந்து வரும் மின்சாரத்திலேயே முழு நிலையத்தையும் ஓட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

கணக்குப் போட்டே பார்ப்போம் பாய். தினம் 10 கோடி லிட்டர் கழிவுநீர் வரும் நிலையம் என்று வையுங்கள். கொடுங்கையூரின் 11 கோடி லிட்டர் நிலையம் கிட்டத்தட்ட அந்த அளவு. தோராயமாக 22 டன் கசடு (காய்ந்த எடையில்) வரும். அதில் கரிமப் பொருள் 65 சதவீதம், சுமார் 14 டன். 45 சதவீதம் செரித்தால் 6.4 டன். செரித்த ஒவ்வொரு கிலோவுக்கும் 0.9 கன மீட்டர் எரிவாயு என்றால் 5,800 கன மீட்டர் வரை. ஒரு கன மீட்டரில் இன்ஜின் சுமார் 2 யூனிட் தரும். ஆகமொத்தம் நாளுக்கு 11,500 யூனிட்.

அதே நிலையம் ஏரேஷனுக்கும் பம்புகளுக்கும் 25,000 யூனிட் வாக்கில் இழுக்கும். எனவே பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். முழுத் தேவையையும் ஈடுகட்டும் நிலையங்கள் உலகில் உண்டு. ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் அதற்குப் பேர்போனது. அங்கே ஏரேஷன் செலவை முதலில் சுருக்கினார்கள், வெளியிலிருந்து உணவுக் கழிவையும் டைஜஸ்டருக்குள் சேர்த்தார்கள்.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் எரிவாயு இன்ஜின்கள் வைத்திருக்கிறார்கள். இன்ஜினுக்கு முன்னால் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்கும் ஸ்க்ரப்பர் ஒழுங்காக ஓட வேண்டும். அது நின்றால் இன்ஜின் ஆயில் அமிலமாகி பேரிங்கைத் தின்றுவிடும்.

செல்வம், நிலைய ஆபரேட்டர்: அண்ணா, ஒரு வாரமாக கேஸ் குறைந்துகொண்டே வருகிறது. பி.ஹெச். (அமில, கார நிலையைக் காட்டும் அளவு) 7.0 காட்டுகிறது. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பொறு தம்பி, சுண்ணாம்பு வேண்டாம். முதலில் கேஸ் லைனில் உள்ள தண்ணீர் ட்ராப்பைத் திறந்து வடித்துவிடு. குழாயில் தண்ணீர் தேங்கி மீட்டர் குறைவாகக் காட்டியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தால், பி.ஹெச்.சை நம்பி உட்காராதே. கசட்டிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், எல்லாம் முடிந்த பிறகுதான் பி.ஹெச். இறங்கும். பார்க்க வேண்டியது அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம். பெரிய கருவி வேண்டாம். மாதிரியை வடிகட்டி 20 மில்லி எடுத்து, 0.1 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலத்தால் பி.ஹெச். 5.0 வரை டைட்ரேட் செய் (சொட்டுச் சொட்டாக விடு), எவ்வளவு அமிலம் ஆனது என்று குறித்துக்கொள். பிறகு 4.4 வரை. இந்த இரண்டு அளவுகளிலிருந்தும் விகிதம் வந்துவிடும். 0.3க்குள் இருந்தால் நிம்மதி. 0.4ஐத் தாண்டினால் அன்றைக்கே தீனியை, அதாவது உள்ளே அனுப்பும் கசட்டை, பாதியாக்கு. தினமும் ஒரே நேரத்தில் எடுத்து எழுதி வை. ஒரு நாள் அளவை விட, நாலு நாளாக ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

அடுத்து, தீனி எப்படிப் போகிறது என்று பார். ஞாயிற்றுக்கிழமை பம்பை நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் இரண்டு நாள் கசட்டையும் சேர்த்துத் தள்ளுகிறார்களா? ஒரு நாள் பட்டினி போட்டுவிட்டு ஒரே வேளையில் கல்யாண விருந்து வைப்பது போன்றது அது. அமிலம் உண்டாக்குபவை உடனே பாய்ந்துவிடும், மீத்தேன் கூட்டம் பின்தங்கும், நுரை பொங்கி மேலேறும். நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் கொடு.

மூன்றாவது, மணல். மழைக்காலத்தில் சாலை மணலெல்லாம் உள்ளே வந்துவிடும். மணலைப் பிரிக்கும் கிரிட் சேம்பர் சரியாகப் பிடிக்காவிட்டால் அது டைஜஸ்டர் அடியில்தான் போய்ச் சேரும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணலாகிவிட்டால், 25 நாள் தங்க வேண்டிய கசடு 17 நாளில் வெளியேறும். காகிதத்தில் இன்னும் 25 நாள்தான் இருக்கும்.

சுண்ணாம்பு ஏன் வேண்டாம் என்றால், அது கார்பன் டை ஆக்சைடை இழுத்து அடியில் கல்லாகப் படியும். கூரைக்குக் கீழே வெற்றிடமும் உண்டாகலாம். அவசரத்துக்குச் சோடியம் பைகார்பனேட் நல்லது. முடிந்தால் ஆரோக்கியமான வேறொரு டைஜஸ்டரிலிருந்து இரண்டு லோடு கசடு கொண்டு வந்து கலக்கு.

மீண்டும் செல்வம்: மணல் இருந்தால் ஆளை இறக்கி எடுக்கலாமா அண்ணா?

கூடாது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்க ஒரு பொறி போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பி.பி.எம். வாக்கில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றமே இல்லையே என்று நினைத்து உள்ளே போனவர்கள் திரும்பி வரவில்லை. இறங்கியவரைத் தூக்கப் போனவர்களும் அப்படித்தான் போனார்கள். காலி செய்வது, வாயுவை வெளியேற்றுவது, மணலை எடுப்பது எல்லாம் பம்பும் ஜெட்டும் வைத்து, அதற்கென்று பயிற்சி பெற்ற குழு செய்ய வேண்டியவை. யார் சொன்னாலும், எவ்வளவு அவசரம் என்றாலும் நீ இறங்காதே, கூட வேலை பார்க்கும் பையன்களையும் இறங்க விடாதே.

பழனிசாமி, விவசாயி: செரித்த கசட்டை வயலுக்குப் போடலாமா ஐயா?

போடலாம், சோதனைச் சீட்டைப் பார்த்த பிறகு. தழைச்சத்தும் மணிச்சத்தும் நன்றாக இருக்கும். சாம்பல் சத்து தண்ணீரோடு போய்விடும், அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கவலை இரண்டு. ஒன்று, 35 டிகிரியில் குடற்புழு முட்டைகள் சாகாது. 55 டிகிரிக்குச் சூடேறும் கம்போஸ்ட் குவியலில் போட்டுப் புரட்டி எடுத்ததுதான் பாதுகாப்பு. கீரைக்கும், கேரட் மாதிரி பச்சையாகத் தின்பவற்றுக்கும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று கன உலோகம். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்குக் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம்தான் வரம்பு. தோல் பட்டறையோ முலாம் பூசும் பட்டறையோ கழிவைச் சாக்கடையில் விடும் ஊர் என்றால், எந்த டைஜஸ்டராலும் அதை நீக்க முடியாது.

சுதா, கோவை: இது வெளிநாட்டிலிருந்து அண்மையில் வந்த தொழில்நுட்பமா?

இல்லை அம்மா. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் 1890களிலேயே கழிவுநீர்த் தொட்டி வாயுவில் விளக்கு எரித்தார்கள். 1897இல் பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளர் இல்லத்திலும் அதைச் செய்தார்கள்.

பாலாஜி: எங்கள் அடுக்ககத்தில் 200 வீடுகள். எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) கசட்டுக்கு ஒரு டைஜஸ்டர் வைக்கலாமா?

வேண்டாம். கசடு ஒரு நாளைக்குச் சில பத்து கிலோ காய்ந்த எடைக்கு மேல் வராது. வாயுவைப் பிடிக்க, பாதுகாக்க, ஆள் வைக்க ஆகும் செலவுக்குக் கட்டுப்படியாகாது. ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, அனுமதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். சமையலறைக் கழிவுக்குத் தனியாகச் சாண எரிவாயுக் கலன் மாதிரி ஒன்று வைப்பதென்றால், அதைப் பற்றிப் பேசலாம். எத்தனை கிலோ வருகிறது என்று ஒரு வாரம் எடை போட்டுச் சொல்லுங்கள்.