இரண்டே கால் மணி

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். 2022இல் நடைமுறைக்கு வந்த ரயன் சட்டப்படி, இறுதிக்கட்ட நோயாளிகள் இங்கே வார்டிலேயே கஞ்சா மருந்து எடுத்துக்கொள்ளலாம். புகைக்கவோ வேப் செய்யவோ மட்டும் கூடாது. எங்கள் வார்டில் வீட்டார்தான் கொடுக்கிறார்கள். ஆனால் "இது எனக்குக் கேட்குமா?" என்று நோயாளிகள் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லையே, கருத்துச் சொல்ல எனக்கென்ன தகுதி? ஊரில் அம்மாவிடம் இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கூச்சத்தை விடுங்கள். கஞ்சா சேர்த்த லேகியம் சித்த மருத்துவத்தில் உண்டு, அம்மாவுக்கே தெரிந்திருக்கும். "தகுதி" என்று எழுதினீர்களே, அதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

1998இல் அப்பாவுக்குக் கணையத்தில் புற்று. உலகத்துக்கே மருந்துக்காக அபினி விளைவித்துக் கொடுக்கும் நாட்டில், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த அபினியிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபின் இல்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்கும் அதன் லைசென்ஸ்களுக்கும் பயந்து வாங்கி வைக்கவில்லை. அந்தச் சட்டத்தைத் தளர்த்த 2014 வரை ஆயிற்று. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு "பரவாயில்லைங்க" என்பார். பெரியவர்கள் முன்னால் முனகக் கூடாது என்று வளர்ந்தவர்.

இரவு ட்யூட்டி சிஸ்டர் ஒருவர் நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினார். "இரண்டே கால்: முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டார். மூன்றரை: தலையணையைக் கடித்தார்." ஒன்பது இரவுகள். பத்தாம் நாள் நோட்டை டாக்டர் மேசையில் வைத்தார். படித்துவிட்டு டாக்டரே நாலு ஊருக்குப் போன் போட்டு மாத்திரை வரவழைத்தார். அன்றிரவும் சிஸ்டர் எழுதினார்: "இரண்டே கால்: தூக்கம்."

அந்த அம்மாவிடம் யாரும் தகுதி கேட்கவில்லை. உங்களுக்கோ அதுவும் எழுத்திலேயே இருக்கிறது. அமெரிக்க நர்ஸிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நோயாளியின் தேர்வை எடைபோடாதே, மருந்தைப் பற்றித் தெரிந்துகொள் என்கிறது. 2023இல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் கஞ்சா மருத்துவப் பராமரிப்பைத் தனிச் சிறப்புத்துறையாகவே ஏற்றது. இதற்குப் பிறகும் "நான் டாக்டர் இல்லையே" என்றால் அது அடக்கம் இல்லையம்மா, ஒதுங்கிக்கொள்வது.

புற்று வலிக்கு இது எவ்வளவு கேட்கும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் வாயால் சாப்பிட்டது வேலைசெய்ய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். "ஒன்றும் தெரியவில்லையே" என்று இன்னொரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். நள்ளிரவில் பாத்ரூம் போகும் வழியில் தலைசுற்றி விழுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு கூடலாம். இதையெல்லாம் பார்க்கிற நேரத்தில் டாக்டர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். நீங்கள்தான் விழித்திருப்பீர்கள்.

கஞ்சா எடுப்பதை நோயாளியின் கோப்பில் பதியச் சொல்கிறது ரயன் சட்டமே. நாளை அந்த வீட்டாரிடம் கேளுங்கள்: என்ன கொடுத்தார்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு. எழுதுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்து, அதையும் எழுதுங்கள்.